பொறி பறக்கும் முன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நீங்களும் அம்மாவும் சௌக்கியந்தானே? முதுகுவலியோடு ராத்திரி லாரி ஓட்டாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

காலையில் பள்ளி, மதியம் வெல்டிங் பட்டறை. படிப்பா தொழிலா என்று மண்டையை உடைத்துக்கொண்டோமே, இரண்டுக்கும் அரசாங்கமே கட்டணம் கட்டிவிடுகிறது. பஸ் பாஸ், பூட்ஸ், தோல் கையுறை, பருத்திச் சட்டைகூடக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

போன வாரம் ஒரு கூத்து. இரண்டு பக்கமும் ஓடும் நாங்கள் ஒழுங்காகப் படிக்கிறோமா என்று பார்க்க, உதவித்தொகை அதிகாரி இயற்பியல் வகுப்புக்கு வந்தார். பட்டறையில் பொறி பறக்கும் முன் "கண்ணு!" என்று கத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வகுப்பில் ஆசிரியர் இரண்டு மின்கம்பிகளை ஒன்று சேர்க்கப் போனாரா, என் வாய் சும்மா இருக்கவில்லை. "கண்ணு!" என்று கத்திவிட்டேன். பட்டறைப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அதிகாரியும் பயந்து கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எரிந்ததோ ஒரு குட்டி பல்பு!

உதவித்தொகை போச்சு என்றே நினைத்தேன். அவரோ சிரித்து ஓய்ந்த பிறகு, "அங்க படிச்சத இங்கயும் மறக்கலையேம்மா! அடுத்த வருஷத்துக்கும் எழுதிடறேன்" என்றார்.

அப்பா, உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். விடுதி அறையில் போட்டுக்கொள்ளத்தான். பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாயாடி

பி.கு.: சட்டையை அம்மா துவைத்துவிடப் போகிறாள். டீசல் வாசனை அப்படியே இருக்கட்டும்.