துவக்கை மந்திரிக்கக் கொண்டுபோன ஞாயிறு

என் உயிருக்குயிரான பிலோமினா மச்சாளுக்கு,

நாங்கள் வென்றுவிட்டோம். மற்றக் கதைகளுக்கு முதல் இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஐஸ் முதலாளியின் துவக்கு எங்கள் கரம்பொன் கரைக்கு வந்தது, வந்த வழியே திரும்பியும் போனது. இதைப் பார்க்க நீர் இல்லையே என்பது ஒன்றுதான் குறை.

நீர் கண்மூடியபோது எல்லாம் அரைகுறையாக நின்றது. கரையில் நின்ற வள்ளங்களிலிருந்து கள்ளர் இஞ்சின்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதைச் சாட்டாக வைத்துத்தான் முதலாளி எங்கள் மீன்பிடிச் சங்கத்துக்குள் நுழைந்தார். எங்கள் மீனை வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற அந்த வெளியூர்க்காரருக்குத் திடீரென்று எங்கள் உயிரில் அக்கறை பிறந்தது. கரையில் வலையும் இஞ்சினும் வைக்கிற வாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு துவக்கு, அனுமதிப்பத்திரம் எடுப்பது தன் பொறுப்பு என்றார். கொழும்பில் துவக்கும் தோட்டாவும் விற்கிற கடை அவருடைய மச்சானுடையது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். அதைத் தோண்டி எடுத்தது நீர்தான்.

அந்த முதல் கூட்டம் உமக்கு நினைவிருக்கிறதா? போர்நிறுத்தம் வந்து, சோதனைச்சாவடியில் கூட ஆட்கள் சிரிக்கத் தொடங்கியிருந்த காலம். "தன்னைக் காக்கிறதுக்கு எவனுக்கும் உரிமை இருக்கு. நான் சொல்லேல்லை, சட்டம் சொல்லுது" என்று முதலாளி கதிரையை விட்டு எழும்பி நின்று முழங்கினார். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் நாங்கள் வழக்கம்போல வாசலடியில் நின்றோம். நீர் மட்டும் விறுவிறென்று நடுவுக்குப் போனீர்.

"ஓம், சட்டம் சொல்லுதுதான். புங்குடுதீவில என்ர மாமாவும் தன்னைக் காக்கத்தான் துவக்கு வைச்சிருந்தவர். வேலிக்குப் பின்னால சரசரத்தது, சுட்டுப்போட்டார். பின்பக்கத்தால வீட்டை வந்தது என்ர மனுசன். கள்ளன் எண்டு நினைச்சுத்தானே சுட்டவர், அவரில பிழையில்லை எண்டு விட்டிட்டினம். சட்டம் சரிதான். தாலி கழட்டினது நான்."

முதலாளியோ, "அது பழக்கமில்லாத கிழவன்ர கை, பிள்ளை" என்று சிரித்துச் சமாளித்தார். அடுத்த வாரம் தொடக்கம் அவருக்குத் தலையாட்டியவர்களின் பெட்டிக்குத்தான் முதலில் ஐஸ் விழுந்தது. மற்றவர்களின் மீன் வெயிலில் கிடந்து நாறியது. அதற்குப் பிறகு தலைகள் இன்னும் நன்றாக ஆடின, மச்சாள்.

முதல் துவக்கை வாங்கத் தன் பெயரைப் பதியக் கொடுத்தது யார் என்று உமக்குத் தெரியும். உம்முடைய அண்ணன், என் வீட்டுக்காரர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கள்ளன் வெட்டினால் பிறகு அழுவாய்" என்று குசினி வாசலில் நின்று சொன்னார். "கடற்படைக்காரன் தூரக் கண்ணாடியால பார்த்து, இது கள்ளனுக்கோ தனக்கோ எண்டு உங்களிட்டக் கேட்டிட்டோ சுடுவான்?" என்றேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனிதரை மாற்ற உம்மால்தான் முடியும் என்று நம்பியிருந்தேன். நீரோ நெஞ்சு நோகிறது என்று படுத்தீர், எழும்பவில்லை.

உமது முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு வந்த ஞாயிறு, முதலாளி சாக்கில் சுற்றிய ஒரு துவக்கோடு சங்கத்துக்கு வந்தார். கை உயர்த்த வேண்டியதுதான் பாக்கி. அன்று நீர் நின்ற அதே இடத்தில், நடுவில் போய் நின்றேன்.

"வலை வந்தால் கெபியடியில வைச்சு மந்திரிக்கிறம். இஞ்சினை மந்திரிக்கிறம். முதலாளி தந்த ஐஸ் பெட்டியையும் மந்திரிச்சனாங்கள். மந்திரிக்காத சாமானை எங்கட வாடியில ஆர் தொட்டது? இதுக்கு மட்டும் என்ன விலக்கு?"

ஆண்களால் மறுக்க முடியவில்லை. முதலாளிக்கோ வாயெல்லாம் பல். "நல்ல விசயம்! சுவாமியார் தண்ணி தெளிச்சால் பிறகென்ன கதை?" என்று அவரே முன்னால் நடந்தார். ஐஸ் பெட்டியை மந்திரித்த அன்று அவர் தன் லொறிக்காரனை அனுப்பியிருந்தார். அதனால் அந்தச் சடங்கின் மறுபாதி அவருக்குத் தெரியாது. நான் தெரிவிக்கவும் இல்லை. கேட்டால்தானே சொல்ல?

கரையில் அந்தோனியார் சிலை நிற்கிற கெபிக்கு முன்னால், துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உம்முடைய அண்ணன் நின்றார். பங்குச் சுவாமி மறுக்கவில்லை. தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "இது எதுக்கு?"

வலை என்றால் "மீன் பிடிக்க, பிள்ளையளுக்குச் சோறு போட" என்று உரக்கச் சொல்லிவிடுவோம். இவரோ மெதுவாகத்தான் சொன்னார். "காவலுக்கு, சுவாமி."

"நாயும் காவலுக்குத்தான் நிக்குது. இதால என்ன செய்வீர்?"

அவர் கையில் பிள்ளையோடு நிற்கும் அந்தோனியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆளைச் சுடுறதுக்கு எண்டு இதில நிண்டு சொல்ல என்னால ஏலாது, சுவாமி. என்ர தங்கச்சி..." அழுதுவிட்டார், மச்சாள். உம்முடைய செத்தவீட்டில் கூட அழாத மனிதர்.

"வேற ஆராவது சொல்லுவியளோ? சொன்னால் தெளிக்கிறன்" என்றார் சுவாமி. சுறாவோடு மல்லுக்கட்டுகிற சூரர்கள் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. "சட்டப்படி உரிமை இருக்குச் சுவாமி!" என்று முதலாளி கத்தினார். "ஓம், இருக்கு. அப்ப நீரே சொல்லுமன்" என்றார் சுவாமி. முதலாளியும் சொல்லவில்லை. திரும்பிச் சங்கத்துக்கு வந்து, துவக்கு வேண்டுமா என்று கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை.

அடுத்த நாளே ஐஸ் நின்றது. நிற்கட்டுமே! புது வியாபாரி ஒருவர் வந்து சேரும்வரை கருவாடு போட்டோம். அன்று எல்லோரும் சிரித்த உமது யோசனைப்படி, இஞ்சின்கள் எல்லாம் இப்போது ஒரே வாடியில் சங்கிலியில் கிடக்கின்றன. முறைவைத்து இரண்டு வீட்டார் தகரமும் தடியுமாகக் காவல். போன மாதம் கள்ளர் வந்தார்கள். உம்முடைய அண்ணன் தகரத்தில் போட்ட போட்டில் ஊரே விளக்கோடு திரண்டது. சங்கிலியை அறுத்துத் தூக்கின இஞ்சினை மணலில் போட்டுவிட்டு ஓடித் தப்பினார்கள். எங்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அவர்களுக்கும் வீட்டில் யாரோ வழி பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்தானே?

அனலைதீவுச் சங்கத்தார் வள்ளம் பிடித்து வந்து எங்கள் காவல் முறையை விசாரித்துப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தத் துவக்கு இப்போது எந்தக் கரையில் விலைபேசப்படுகிறதோ? அங்கே நடுவுக்கு வந்து பேச ஒருத்தி இருப்பாளா?

நேற்று நாங்கள் புது இஞ்சின் ஒன்று எடுத்தோம். சுவாமி "இது எதுக்கு?" என்றதும், உம்முடைய அண்ணன் பதில் சொல்லிப் போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பிப் பறந்தன. நீர் உறங்குகிற சேமக்காலை பக்கத்தில்தானே, உமக்கும் கேட்டிருக்கும். இனி இந்தக் கரைக்கு எது வந்தாலும், யார் கொண்டு வந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டோம். சுவாமி இல்லாத நாளில் நான் கேட்பேன், மச்சாள். வாசலடியில் நின்று அல்ல, நடுவில் நின்று.

உம்முடைய அண்ணனின் பெண்சாதி,
என்றும் உம்முடைய மச்சாள்,
செபமாலை