நான்காவது படத்தில் அப்பா பெயர்

பர்பேங்க்,
மார்ச் 9

அன்புள்ள ரஸல்,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நார்வேயில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், தொண்ணூறுகளில் வந்த படங்களைத் தோண்டியெடுத்துத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே. இணையத்தில் நீ போட்ட ‘ஏமாற்றிய பத்துப் பெரிய படங்கள்’ பட்டியலை எதிர்வீட்டு கிளெண்டா கொண்டுவந்து காட்டி, “உன் பையன் ஒருத்தரையும் விட்டு வைக்கலையேடி” என்று சிரித்தாள்.

முதல் மூன்றும் எனக்குச் சம்மதம். எரிமலைப் படத்தில் ஊரே வெந்து சாகிறது, கதாநாயகனுக்குத் தலைமுடி கலையவில்லை. வக்கீல் நாய் படத்துக்கு உன்னைக் கூட்டிப்போன பாவத்துக்கு நானே மன்னிப்புக் கேட்க வேண்டும். விண்வெளிக் கல்யாணத்தில் இரண்டாம் பாதி எதற்கென்று எடுத்தவனுக்கே தெரியாது. நான்காவதாகக் கப்பல் படத்தைப் போட்டாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் குப்பைதான், பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரிலேயே நான் சொன்னேன். அப்பாவும் “கதைய நானா எழுதினேன், கப்பலத்தானே கட்டினேன்” என்றார். படத்தைத் திட்டு, யார் வேண்டாமென்றது? ஆனால் “கடைசியில் ஏழு நிமிடம் ஓடுவது குற்றவாளிகளின் பட்டியல்” என்று எழுத உனக்கு எப்படியடா கை வந்தது? பெயரெல்லாம் ஓடி முடியும்வரை, வீட்டுக்கொருவர் ஸ்டூடியோ வேலைக்குப் போகிற நம் தெருவில் எவராவது இருக்கையை விட்டு எழுந்ததுண்டா? தச்சர்கள் வரிசையில் அப்பா பெயர் வந்தபோது தெருவே கைதட்டியது, ஒன்பது வயதில் நீ நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாய். அந்தக் கப்பலுக்காகப் பதினொரு வாரம் ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வீடு தங்கவில்லை. நாலு பேர் சிரிக்க வேண்டுமென்று பெற்றவரையே கூண்டில் ஏற்றிவிட்டாய்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். “படத்தப் பத்திச் சொன்னது சரிதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுல நான் இருக்கேங்கறது அவனுக்கு மறந்துபோச்சு போல, இல்லியா லோர்னா?” என்று கேட்டார். ஆமாம், மறந்திருப்பான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

நீ மறக்கவில்லை. அந்தக் கப்பலின் புகைப்படத்தை உன் மனைவி இங்ரிட்டிடம் காட்டிப் பெருமையடித்ததாகப் போன கிறிஸ்துமஸுக்கு நீயே என்னிடம் சொன்னாய்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும், அந்த வேண்டுதலில் என் கோபம் குறுக்கே வராது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, என்னையல்ல, அவரை. மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. நாற்பது வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது, அதை நீயும் சொன்னால் அவர் நம்பிவிடுவார்.

உன் அம்மா,
லோர்னா