அந்த ஒரு ‘டு’

கிள்ளான்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் புனிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு மழை வந்து போகிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை ஜீவனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறோம்.

எழுத்தைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான். பிரிக்பீல்ட்ஸ் வரை போய்க் கோடு போட்ட நோட்டு வாங்கினேன், கடைப் பெண் பேரனுக்கா அங்கிள் என்று கேட்டாள், எனக்குத்தான் என்றதும் சிரித்தாள். போன வாரம் குமுதா அத்தை உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். போன தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்டதற்கு, அப்பாதான் வரவேண்டாம் என்று எழுதிவிட்டாரே என்று அழுதாயாம். என் கடிதத்தைப் போனில் படம் பிடித்துவந்து காட்டினாள். நான் எழுதியது வரவேண்டும் என்றுதானம்மா. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாயே என்ற கோபம் இருந்தது, போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம் போட்டேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த கை, பேனாவைத் தூக்காமல் ஓடும். ‘டு’வின் சுழி மேலே ஏறாமல் ‘டா’ மாதிரி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கண்ணாடி போட்டுப் படித்தால் எனக்கே வரவேண்டாம் என்றுதான் தெரிகிறது. இது தெரியாமல், கூப்பிட்டும் நீ வரவில்லையே என்று ஒரு வருஷம் நான் முறைத்துக்கொண்டு இருந்தேன், வெட்கமாக இருக்கிறது.

எழுத்தோடு எழுத்தைக் கோத்து எழுதுவதை நாம் கூட்டெழுத்து என்கிறோம், மலாய்க்காரர்கள் துலிசான் பெராங்கை என்கிறார்கள், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். அம்மா ஒரே போடாகப் போட்டாள்: “கூட்டெழுத்து கூட்டெழுத்துன்னு எழுதி, புள்ளையத் தனியா வச்சிட்டீங்களே.” எல்லாம் என் தலையெழுத்து என்று இத்தனை நாள் புலம்பினேன், பார்த்தால் வெறும் கையெழுத்து. அதனால்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுகிறேன், விரல் வலிக்கிறது.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. கீழே கையெழுத்து மட்டும் பழைய மாதிரிதான் இருக்கும், அதை மாற்றினால் பேங்கில் விடமாட்டார்கள்.

இந்தத் தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வ ர வே ண் டு ம்.

உன் அப்பா,
ரெங்கசாமி