இரண்டாம் பெயருக்கு ஒரு கட்டம்

2025 ஜனவரி 8, புதன்

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை நடத்துகிற இன்ஷிரா புதிய பக்கங்களின் படங்கள் தந்தாள். இந்த முறை விவாகப் பதிவேடு, நூறு வருடத்துக்கும் மேல் பழையது. வெள்ளைக்காரன் காலத்துக் கையெழுத்து, கோழி கிளறினது போல. தபால் கந்தோரில் முப்பது வருடம் கண்ட கண்ட விலாசம் எல்லாம் வாசித்த கண்ணுக்கே தண்ணீர் காட்டுகிறது.

வேலை சுலபம்தான். படத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாகக் கணினியில் தட்ட வேண்டும். பெயர் ஒரு கட்டம். ‘அலியாஸ்’ என்று போட்டு வேறொரு பெயர் எழுதியிருந்தால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம். அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு பெயர் இருந்திருக்கிறது. கந்தப்பர் அலியாஸ் சின்னத்தம்பி. கதிராமன் அலியாஸ் வேலன். பதிவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இதே பக்கங்களை எனக்குத் தெரியாத இன்னொருவரும் தட்டுவார். இரண்டும் ஒத்துப்போகாத வரிகள் திரும்பி வரும்.

வீடு திரும்பியபோது, திருகோணமலைத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று மதிலுக்குள் தலையை விட்டு என் செவ்வரத்தையை மேய்ந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டுத் துரத்தினேன். இன்று இன்ஷிராவைத் தவிர நான் வாய் திறந்து பேசியது அதனோடு மட்டும்தான்.

ஜனவரி 10, வெள்ளி

மழை. நாகமுத்து அலியாஸ் சின்னப்பிள்ளை, வள்ளியம்மை அலியாஸ் தங்கம். நாள் முழுக்க இதுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு சுண்டு அரிசி போட்டுப் பொங்கினேன், அதுவே மிஞ்சிவிட்டது. காலமான என் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து தனியே தின்றேன்.

மகள் நிரோஜினி வீட்டை விட்டுப் போய் இது மூன்றாவது பொங்கல். மின்சாரக் கந்தோரில் கூட வேலை செய்த முனாஸைக் கட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனாள். கட்டினது கூடப் பரவாயில்லை, எத்தனையோ பேர் கட்டுகிறார்கள். பெயரை மாற்றினாளே, அதுதான். நானும் அவரும் ஒரு மாதமாகச் சண்டை பிடித்து, சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்டு வைத்த பெயர். அதைச் சட்டை மாற்றுவது போல மாற்றிவிட்டாள்.

கடைசியாகப் பேசியபோது அவள் கேட்டாள்: “அம்மா, ஒருக்கா, ஒரே ஒருக்கா என்னை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் என்ன ஏசினாலும் கேக்கிறன்.”

தொலைபேசியை வைத்துவிட்டேன். நம்பரையும் அழித்துவிட்டேன். அவளும் என் மகள்தானே, அதே பிடிவாதம், பிறகு அழைக்கவில்லை.

இந்த வீடு அவளுக்கென்று கட்டினது. மேல் அறை இன்னும் பூசவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இன்ஷிரா என்னை இருத்திவைத்துக் கதைத்தாள். ஒரு கட்டுப் பக்கங்கள் முழுவதும் திரும்பி வந்திருக்கிறதாம்.

“கமலேஸ்வரி அன்டி, கோவிக்காதீங்க. ஆம்பிளைகள்ட ரெண்டாம் பேர் எல்லாம் ஒண்டு விடாம போட்டிருக்கிறீங்க. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, இல்லாட்டி இஸ்லாத்துக்கு வந்து பேர் மாத்தின பொம்புளைகள்ட கட்டம் மட்டும் வெறுமையா இருக்கு.”

“கையெழுத்து விளங்கேல்ல” என்றேன்.

அவள் படத்தைத் திறந்து காட்டினாள். செல்லாச்சி அலியாஸ் கதலீனா. அன்னம்மா அலியாஸ் ஆமினா. மணி மணியான எழுத்து. சின்னப் பிள்ளையும் வாசிக்கும்.

எனக்கு முகம் எரிந்தது. வேண்டுமென்று விட்டேனா? சத்தியமாகத் தெரியவில்லை. கண் பார்த்திருக்கிறது, கை தட்டவில்லை.

“அன்டி, ரெண்டாம் பேரைப் போட்டா முதல் பேர் அழியாது. ரெண்டும் ஒரே ஆள்தான். ஆனா போடாம விட்டா, அந்தப் பேரில தேடி வாற ஆளுக்கு அவ கிடைக்கவே மாட்டா.”

எனக்குப் புத்தி சொல்ல இவள் யார்? என் மகளின் வயது. அதுவும் அவர்களுடைய ஆள். அப்படித்தான் சொல்வாள். “உமக்கென்ன தெரியும், நீர் பெத்தனீரா, வளத்தனீரா?” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை பேந்தப் பேந்த விழித்தாள். பெற்றது வளர்த்தது பற்றி அங்கே யார் கதைத்தது? என் வாய்க்கு ஒரு பூட்டுத்தான் போட வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

போகவில்லை. தட்டவும் இல்லை. பகல் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜனவரி 29, புதன்

மாலை நான்கு மணி இருக்கும். தெரியாத நம்பர்.

“மாமி, நான் முனாஸ்.”

தொலைபேசியை வைத்திருப்பேன். அவன் குரல் அடைத்திருந்தது, அதனால் வைக்கவில்லை.

“மாமி, அவக்கு அடுத்த மாசக் கடைசியில பிள்ளை கிடைக்க இருக்கு. இப்ப பிரஷர் கூடிட்டு. டொக்டர் எழும்பவே வேணாம் எண்டு சொல்லிட்டார். அவ ஒண்டும் கேக்கல்ல, நான் கோல் எடுத்தது கூட அவக்குத் தெரியா. ஆனா இரவில ‘அம்மா, அம்மா’ எண்டு புலம்புறா. நீங்க ஓம் எண்டு சொன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறன்.”

“பாப்பம்” என்றேன். பார்ப்பமாம்! பெற்ற பிள்ளை படுத்த படுக்கையில் கிடக்கிறாள், நான் வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவனுக்குச் சொல்வது போல ‘பார்ப்பம்’ என்கிறேன்.

எனக்கும் அவளைப் பெறும்போது பிரஷர். ஏழாம் மாதத்தில் இருந்து கால் இரண்டும் உலக்கை மாதிரி. என் அம்மா வந்து நின்றாள். அவள் நின்றபடியால்தான் நான் பிழைத்தேன்.

இவளுக்கு யார் நிற்கிறார்கள்?

பிள்ளை உண்டானதையே எனக்குச் சொல்லவில்லையே. எப்படிச் சொல்வாள். நம்பரை அழித்த தாயிடம் எப்படிச் சொல்வாள்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். எங்கும் விடுமுறை. துறைமுகத்தில் கப்பல்கள் கொடி கட்டிக்கொண்டு நிற்கின்றன.

போவதா, விடுவதா? போனால் எந்த முகத்தோடு போவது? போகாமல் விட்டு, அவளுக்கு ஏதும் ஆகிவிட்டால்?

பயறு வறுத்து இடித்தேன். ஏன் என்று என்னை நானே கேட்கவில்லை.

பெப்ரவரி 8, சனி

போய்விட்டு வந்தேன். முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

முனாஸிடம் வரச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. என் மகள் வீட்டுக்குப் போக எனக்கு வழித்துணை வேண்டுமா என்ற கொழுப்பு. பயற்றம் பணியாரத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, பாலம் கடந்து, கிண்ணியாவில் இறங்கினேன். நல்ல வெயில். பிறகுதான் புரிந்தது, எந்தப் பக்கம் நடப்பது என்றே எனக்குத் தெரியாது. முனாஸுக்கு எடுத்தேன், மணி அடித்து நின்றது. லுஹர் தொழுகை நேரம், பள்ளிவாசலுக்குப் போயிருப்பான்.

ஒரு சில்லறைக் கடையில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது வரும். மின்சாரக் கந்தோரில் வேலை செய்யும் முனாஸின் வீடு எது என்று கேட்டேன்.

“எந்த முனாஸ்? இந்த ரோட்டிலேயே மூணு பேர் இருக்காங்க. பொஞ்சாதி ஆரு?”

“ஏன் பிள்ளை, ஆம்பிளையின்ர பேர் சொன்னாப் போதாதே?”

அவள் சிரித்தாள். “ஆம்பிளை பேர் சொல்லி எப்பிடிம்மா வீடு காட்டுற? வீடு பொம்புளைட. அவங்க கட்டி வந்து இருக்கிற ஆக்கள் தானே.”

எனக்குத் தெரியாததா? இந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பான். ஊரில் வீடு அறியப்படுவது வீட்டுக்காரியின் பெயரால். நானும்தான் நிரோஜினிக்கு என்று வீடு கட்டினேன். ஆனால் கிண்ணியாவில் அவளுக்கு ஏது வீடு? அங்கே அவள் பெயரில் ஒரு வீடு இருக்கும் என்பது என் நினைவிலேயே இல்லை.

“நிரோஜினி” என்றேன்.

அவள் உள்ளே திரும்பி யாரையோ கேட்டாள். இல்லை. பக்கத்துத் தையல் கடையில் கேட்டாள். இல்லை. ஓட்டோக்காரன் ஒருவனையும் நிறுத்திக் கேட்டாள். “அப்பிடி ஒராளும் இஞ்ச இல்லம்மா. நீங்க வேற இடத்துக்கு வந்திட்டீங்க போல.”

திரும்பிப் போய்விடலாம். பஸ் அங்கேயே நின்றது. ஒரு நிமிடம் நினைத்தேன், இல்லையென்று பொய் எழுத மாட்டேன். பணியாரப் பை கையில் கனத்தது.

“பஹ்மியா” என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவள் “ஆரு?” என்றாள். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். “பஹ்மியா.”

“எங்கட பஹ்மியாவா! கணக்கு டியூஷன் குடுக்கிற பஹ்மியாவா? அல்லாவே, என்ட மகனுக்கும் அவதான் படிப்பிச்சுக் குடுக்கிற. நீங்க அவக்கு ஆரு?”

“அம்மா.”

அவள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு, பையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். றிஷானா என்று பெயர் சொன்னாள். வழியெல்லாம் கதை. அந்த வீடு முனாஸின் பெரியம்மாவுடையதாம். பெண் பிள்ளை இல்லாத மனுசி. வந்த மருமகளின் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

தாய் கொடுக்க வேண்டிய வீட்டை இன்னொருத்தி கொடுத்திருக்கிறாள். அந்த இடத்தில் கால் தடுக்கியது.

என் மகள் கட்டிலில் சுவர்ப் பக்கம் சரிந்து கிடந்தாள். முகம் வீங்கி, கால் வீங்கி, முக்காடு நழுவி. என் கால்கள், என் அம்மா பார்த்த அதே கால்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

“படும். எழும்ப வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர் தானே.”

“ஆர் அம்மா வழி காட்டினது? முனாஸா?”

வாசலில் நின்ற றிஷானா முந்திக்கொண்டாள். “ஒருத்தரும் இல்ல. உன்ட பேரைச் சொல்லிக் கேட்டுத்தான் வந்தவ.”

“என்ன பேர்?” என்று மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“பணியாரம் ஆற முதல் தின்னும்” என்றேன். பணியாரம் நேற்றே ஆறிவிட்டது. அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். பொழுது சாய, முனாஸ் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டான்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே இருட்டு. என்றைக்கும் உள்ள இருட்டுத்தான். இன்றைக்குத் தாங்கவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

இன்ஷிராவிடம் போனேன். “அண்டைக்குக் கதைச்சது பிழை, பிள்ளை” என்றேன். அவள் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். திரும்பி வந்த பக்கங்களை வாங்கிக்கொண்டு வந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்றும் கிண்ணியா. முனாஸின் பெரியம்மா எனக்குச் சோறு போட்டார். நல்ல மனுசி, அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. “மேல் அறையைப் பூசட்டே?” என்று மகளிடம் கேட்டேன். “எனக்கு இஞ்ச வீடு இருக்குதம்மா” என்றாள். நோகச் சொல்லவில்லை. நொந்தது.

பெப்ரவரி 24, திங்கள்

விடியவே முனாஸ் அழைத்தான். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம், ஒப்பரேஷனாம். ஓட்டோ பிடித்துப் போனேன். வெளியே வாங்கில் நான், முனாஸ், அவன் பெரியம்மா. அவர் முணுமுணுவென்று ஓதினார், நான் என்பாட்டுக்குக் கோணேசரைக் கூப்பிட்டேன். முனாஸ் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கதவு திறந்து ஒரு தாதி தலையை நீட்டினாள்.

“பஹ்மியாட ஆக்கள் ஆரும் இருக்கீங்களா?”

முனாஸ் எழும்ப முதல் நான் எழும்பிவிட்டேன். “நான்தான், நான் அவவின்ர அம்மா” என்றேன். அந்தக் குரல் நடை முழுக்கக் கேட்டிருக்கும்.

பெண் பிள்ளை. தாயும் சுகம்.