கோட்டை வாசலில் ஒரு குட்டச்சி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மலைப்பக்கம் சாரல். துணி காயவில்லை. கேஸ் புக்கிங், இட்லி அரிசி, ஆபீசுக்குக் குடை. மறக்கக் கூடாது.

இவர் பட்டாளம் முடிந்து ஞாயிறு வருகிறார். இனி வீட்டில்தான். இத்தனை வருஷம் லீவுக்கு வந்து போன மனிதர். போனில் “சாப்ட்டியா?” “ம், நீங்க?” அப்புறம் மௌனம். அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் எப்படி?

இவரும் யோசித்திருப்பார் போல. போனில் ஏதோ விளையாட்டாம். வாள், மந்திரம், டிராகன். “இங்க பயலுவ எல்லாம் ஆடுதானுவ. நீயும் வாட்டி, சேந்து சுத்துவோம்.” சரி என்றேன்.

ஜூலை 9, புதன்

மதியம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே என் ஆளை உருவாக்கினேன். நீலத் தலைமுடி! உயரத்துக்கு ஒரு கோடு, அதில் ஒரு பொட்டு. நகர்த்தினால் வளர்கிறாள், குறைகிறாள். கை தானாகவே கடைசிவரை குறைத்துவிட்டது.

கல்யாணத்தன்று போட்டோக்காரர்: “பொண்ணு செத்த உக்காரும்மா, மாப்பிள்ள தெரியட்டும்.” அன்றிலிருந்து தட்டைச் செருப்பு, லேசான கூன். இவர் என் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் உறுத்தல்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் விளையாட்டுக்குள் கோட்டை வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. ஒரே கூட்டம். இவரைக் காணோம். பனைமரம் மாதிரி ஒரு வீரன் மட்டும் குறுக்கும் நெடுக்கும். கடைசியில் போன் வந்தது.

“எங்கட்டி நிக்க?”

“வாசல்லதான். நீங்க?”

“நானும் வாசல்லதான். ஒரு குட்டச்சி வேற காலுக்குள்ள வந்து வந்து இடிக்கா.”

“அது நாந்தாங்க.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“ஏட்டி, ஓம் உசரம் எங்க போச்சு? ஒனக்குச் சமமா நிக்கணும்னுல்ல நான் அம்புட்டு இழுத்து வச்சேன்!”

பனைமரம் இவர்தான். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

“லீவுக்கு வரும்போது ஸ்டேஷன்ல ஓந்தலயத்தான் தேடுவேன். கூட்டத்துக்கு மேல அது தெரிஞ்சாத்தான் ஊரு வந்த மாதிரி இருக்கும். அதப் போயி ஏன் குறைச்ச?”

பதில் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மௌனம் வேறு.

ஜூலை 11, வெள்ளி

பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

விளையாட்டில் ஒரு மாயக் கண்ணாடி. அதன்முன் நின்றால் உயரத்தை மாற்றலாம். நான் வளர்ந்தேன், இவர் இறங்கினார். ஒரு டிராகனையும் கொல்லவில்லை. ஆற்றங்கரையில் நடை. வாசல் பல்பு, மாடிக் குழாய், காலையில் யார் காப்பி போடுவது – போன் சுடும்வரை பேச்சு.

ஜூலை 12, சனி

ரவிக்கை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ்ஸில் ஒருத்தி: “யக்கா, இந்தப் பைய மேல வச்சுருங்க, ஒங்களுக்குத்தான் எட்டும்.” வைத்தேன். திரும்பும்போது குதிகால் உயர்ந்த செருப்பு ஒரு ஜோடி. கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுக்கு மேலயுமாக்கா?”

“ஆமா.”

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். ராஜபாளையம் ஸ்டேஷன். புதுச் செருப்பு கடித்தது. வழக்கம்போல் தூண் பக்கம் ஒதுங்காமல் கூட்டத்தின் நடுவில். வண்டி நுழையும்போதே போன்.

“முன்னால வரட்டுமாங்க?”

“வேண்டாம்ட்டி. அங்கனயே நில்லு. ஓந்தல தெரியுது.”