இறங்காத கோடு

உன் அலமாரிச் சாவியைத் துறையில் என்னிடம்தான் கொடுத்தார்கள். பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சில் பொதிந்து, நாம் ஆய்வு மாணவிகளாக இருந்தபோது செய்த முதல் மின்னணுச் சில்லு இருந்தது. நகத்தளவுதான். நீ இறந்து ஒரு மாதமாகிறது. அழுகை வரவில்லை, நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கத்தான் தோன்றியது.

சில்லின் ஒரு முனையில் மின்துடிப்பைக் கொடுத்தால், காதுக்கு எட்டாத ஒலியலை ஒன்று பிறந்து மேற்பரப்பில் ஓடும். மறுமுனையில் மறுபடி மின்சாரமாகும். நடுவே குறைகடத்திப் படலம். அதில் எலக்ட்ரான்களை ஒலியைவிடச் சற்று வேகமாக ஓட்டினால், அவை தம் ஆற்றலைக் கொடுத்து அலையைப் பெருக்கும். இதை நீ உன் ஊரான அடி அண்ணாமலையில் உன் அப்பாவுக்கு விளக்கினாய்: "கிரிவலத்துல பின்னாடி வர்ற கூட்டம் முன்னாடி போறவனத் தள்ளிக்கினு போவுது இல்ல, அந்த மாதிரிதான்பா." அவர் தலையாட்டிவிட்டு, மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார். மூன்று மாதத்துக்குள் உருப்படியாக ஏதாவது வந்தால் படிப்பைத் தொடரலாம், இல்லாவிட்டால் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

ஒரு வாரத்திலேயே, மறுமுனைக்கு வரும் அலையின் அளவைக் காட்டும் கோடு திரையில் ஏறியது. நாம் மாறி மாறிப் பார்த்தோம். அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் பேருந்து உன் ஊர்ப்பக்கம் போகாது, நடக்க வேண்டும் என்று மதியமே கிளம்பிவிட்டாய். ஒரு சோதனை பாக்கியிருந்தது. அலை ஓடும் பாதையில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்தால், ஒலி அதில் கரைந்து கோடு இறங்க வேண்டும். சந்தோஷத்தில் உனக்கு அது மறந்துபோனது. நான் வைத்தேன். கோடு இறங்கவில்லை. நாம் பார்த்தது ஒலியே அல்ல. கம்பிக்குக் கம்பி தாவிய மின்சாரம்.

மறுநாள் நீ அதிரசத்தோடு வந்தாய். நான் தின்றுகொண்டே நம் கட்டுரையைச் சென்னைக் கருத்தரங்குக்கு அனுப்பினேன். உனக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் பெயரும் அதில் இருந்தது.

கருத்தரங்கில் பின்வரிசையிலிருந்து ஒருவர், துளி வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாய், மழுப்பாமல். ஊர் திரும்பியதும் நேரே ஆய்வகத்துக்கு வந்து வைத்தாய். கோடு அசையவில்லை. என் பக்கம் திரும்பினாய்.

"அன்னிக்கு நான் போன அப்புறம் நீ வச்சிப் பாத்தியாடி?"

"இல்லடி."

"நானும் வைக்கல. ரெண்டு பேரும் கோட்டை விட்டுட்டோம். அப்படியே எழுதிடறேன்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். அதற்குள் மூன்று மாதமும் ஓடிவிட்டது. உன் கல்யாணம் நடந்தது, நான் பந்தியில் பரிமாறினேன். அந்தப் பௌர்ணமிக்கு மறுநாளே சொல்லியிருந்தால், மின்சாரம் தாவாமல் நடுவே ஒரு செப்புத் தகடு வைத்துச் சரிசெய்ய நமக்கு ஒரு வாரம் போதுமாக இருந்திருக்கும். நீ ஆய்வுக்குத் திரும்பி வர நாலு வருடமானது. அதற்குள் நான் பட்டம் வாங்கி வேலையிலும் சேர்ந்திருந்தேன். நீ தகடு வைத்தாய், கோடு ஏறியது, துளி வைத்தாய், இறங்கியது. "பாத்தியா, இதான் நெசம்" என்று சிரித்தாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பிறகு இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம்.

கட்டுரையைத் திரும்பப் பெற நாம் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. "சரிபார்க்க இருவரும் தவறினோம்" என்று எழுதி முதல் கையெழுத்தை நீதான் போட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்து, வாழ்நாளில் நீ கையெழுத்திட்ட ஒரே பொய் அதுதான். அது பொய் என்று தெரியாமலே போய்விட்டாய்.