ஆயுத பூஜை எபிசோடின் கடைசி வசனம்

அக்கா,

ஹெட்போனை மாட்டியதும் தோல் வாசனை குப்பென்று அடித்தது. அதன் பஞ்சை விட்டு அது இன்னும் போகவில்லை. குடோனில் அடுக்கிய தோல் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நீ இதை மாட்டிக்கொண்டு பேசியது போன ஆடி மாதம். இன்று ஆயுத பூஜை. சாயந்திரம் ஆறு மணிக்கு நம் கார்ட்டூன் லோக்கல் கேபிளில் வர வேண்டும். இப்போது மணி மூன்று. கடைசி வசனம் மட்டும் இல்லை.

ஷூ கம்பெனி மெஷின்களுக்கு வாய் இருந்தால் நம்மை என்னவெல்லாம் திட்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தவள் நீதான். பேட்டர்ன் ரூமில் கம்ப்யூட்டரில் ஷூ வரைகிற நான், மெஷின்களை வரைந்து ஆடவிட்டேன். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் மெஷினுக்கு நீ குரல் கொடுத்தாய். பத்து வருஷம் அதே மெஷினில் உட்கார்ந்தவளுக்கு அதன் புத்தி தெரியாதா? சூப்பர்வைசரின் தொப்பை, முதலாளியின் மச்சான், அம்மன் கோயில் மைக் செட் என்று எதையும் அது சீவாமல் விட்டதில்லை. உன் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். அந்த மனுஷன் ஒரு எபிசோடு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பண்டிகை எபிசோடும் உன் யோசனைதான். பொட்டும் மாலையும் போட்ட மெஷின்கள், "வருசம் பூரா மிதிச்சிட்டு இன்னிக்கி மட்டும் கும்பிடறியா?" என்று ஸ்ட்ரைக் செய்கின்றன. அதை நீ சொன்னபோது குடோன் பார்த்துக்கொள்ளும் பாஷா பாய் தோல் கட்டின் மேலேயே சாய்ந்து சிரித்தார். "இது நம்ம பண்டிகையாம்மா?" என்று தன்னையும் உன்னையும் காட்டிக் கேட்டார்.

"பொரிய நமக்குந்தான குடுக்கறாங்க பாய்? திட்டும் எல்லாருக்கும் பொதுதான்" என்றாய்.

எதிரொலியே வராத இடம் கம்பெனியில் அந்தக் குடோன் ஒன்றுதான். ரெக்கார்டிங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று பாஷா பாயிடம் கெஞ்சி வாங்கியிருந்தோம். ஆடி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்ததில் உனக்கு மூச்சு வாங்கியது. "சீக்கிரம்கா, டைம் ஆவுது" என்று நான் விரட்டினேன். நடுவில் வீட்டிலிருந்து போன் வர, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "கடைசி டயலாக் மட்டும் அடுத்த வாரம் பாத்துக்கலாம்கா" என்றேன். வியாழக்கிழமை உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு அந்த ரெக்கார்டிங்கை நான் முழுதாகத் திறக்கவே இல்லை. எடிட்டர் சகாயம்தான் வேண்டியதை வெட்டி எடுத்தார். உன் மூச்சிரைப்பும் என் விரட்டலும் அதில் இருக்கும். அதைக் கேட்டால் நானே உன்னைக் கொன்றுவிட்டதாக ஆகிவிடும் என்று பயம்.

மத்தியானம் சகாயம், "எதுக்கு டென்சன்? அவங்க கொரலு நாப்பது எபிசோடு கீது. கம்ப்யூட்டரே பேசிடும்" என்றார். அஞ்சே நிமிஷத்தில் பேசவும் வைத்துவிட்டார். நான் எழுதிய அதே வசனம்: "உங்கள் கை படாவிட்டால் நாங்கள் வெறும் இரும்பு. உங்களுக்கு எங்கள் நன்றி." அசல் உன் குரல். நீ அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து உன் மகள் வேலூரிலிருந்து கூப்பிட்டாள். லாங் பஜாரில் கடை வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்புகிறாளாம். "அம்மா கொரலு வருதுல்ல ஆன்ட்டி? அப்பா இப்பவே டிவி முன்னாடி உக்காந்துனு கீறாராம்."

"வரும்மா" என்றேன். எந்தக் குரல் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஒரு பொய்யை அந்த மனுஷன் காதில் போட்டுவிட்டு நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? வேறு வழியில்லாமல்தான் பழைய ரெக்கார்டிங்கைத் திறந்தேன்.

நீ இரைக்கிறாய். நான் விரட்டுகிறேன். பிறகு நான் வெளியே போகும் சத்தம். மைக்கை நான் அணைக்கவில்லை. பாஷா பாயிடம் நீ சொல்கிறாய்: "இந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதுது பாய். கடைசில மட்டும் அழுவாச்சியாக்கிடுது. மெஷினு இன்னா, நன்றி சொல்லுமா? ரெண்டு சொட்டு எண்ண ஊத்திட்டுப் போடி! நான் இத சொல்லமாட்டேன், பேஜாரா கீது."

நான் சிரித்தேன். உடனே அழுகையும் வந்துவிட்டது. நேரமில்லாமல் நின்றுபோன வசனம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? உனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஆனாலும் இது கேபிளுக்கென்று நீ பேசியது இல்லையே. உன் மகளுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதான் எங்கம்மா. இதையே போடுங்க ஆன்ட்டி" என்றாள்.

இதுவரை எழுதி நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. அன்று ஆறு மணிக்கு ஓடியது. சந்தனம் வழிய மெஷின் நிமிர்ந்து, "நன்றி சொல்லுமா? ரெண்டு சொட்டு எண்ண ஊத்திட்டுப் போடி!" என்றது. ஏழு மணிக்குள் கம்பெனியில் பாதிப் பேர் போன் செய்து சிரித்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் மட்டும் கூப்பிடவில்லை. மறுபடி போடச் சொல்லிக் கேபிள்காரரை நச்சரிக்கிறாராம்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை அக்கா. தீபாவளி எபிசோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு பக்கம் ஆகிவிட்டது. சகாயத்திடம் காட்டினேன், சூப்பர் என்றார். பாஷா பாயும் சூப்பர் என்றார். உன் மகள்கூட சூப்பர் என்கிறாள். அழுவாச்சி என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.